குனியா விரதன் தேங்காய்ப் போர்

முதுகில் மின்கம்பி தாங்கிய முதல்வர், இடுப்பில் தீப்பெட்டியளவு இயந்திரம் பதித்த ஏந்தல், ஜுரு தொழிற்சாலையில் பல்லாண்டு பெட்டி சுமந்து எலும்பு தேய்ந்த எங்கள் ஜார்ஜ் டவுன் புவனேஸ்வரனார் வாழ்க! தைப்பூசத் தேரின் முன் அவர் ஆற்றிய அருஞ்சமரைச் சொல்ல, நாமகளே, என் நாவில் வந்து அமர்க. முதுகு வலித்தால் ஒரு தலையணையும் வைத்துக்கொள்க.

நோவென்னும் கொடுங்கோலன் அவர் இடுப்பையும் காலையும் நெடுங்காலம் ஆண்டான். அவனை அடக்க, மின்துடிப்பால் வலியை மழுக்கும் மெல்லிய கம்பியை முதுகுத்தண்டின் ஓரம் வைத்துத் தைத்த மருத்துவர், “குனியற்க, திருகற்க, தூக்கற்க, கையைத் தலைக்குமேல் உயர்த்தற்க, சதை பிடிக்குமுன் கம்பி நகர்ந்தால் மீண்டும் கத்திதான்” என நான்மறை ஓதினார். மறையை மனப்பாடம் செய்தவள் மனைவி மோகனா. அதில் ஓட்டை தேடியவர் நம் தலைவர்.

ஏனெனில் தண்ணீர்மலைக் கோயில் நோக்கித் தேர் புறப்பட்டுவிட்டது. தேர்முன் சிதறடிக்கத் தெருவோரம் தேங்காய்கள் குன்றுகளாய்க் குவிந்திருந்தன. ஆண்டுதோறும் தம் வீட்டு வாசலில் முதற்காய் உடைத்த கரம் சும்மா தொங்க, பக்கத்து வீட்டு அய்யாக்கண்ணு காய்மேல் காயாய்ச் சிதறடித்தால் வீரநெஞ்சம் பொறுக்குமோ? “குனியேன்! திருகேன்! ஓங்கேன்! நெஞ்சுக்கு நேரே பிடித்துக் கையை மட்டும் விடுவேன்!” என்று சூளுரைத்து, அய்யாக்கண்ணு நீட்டிய காயை வாங்கி, தூண்போல் நின்று நழுவவிட்டார்.

காய் விழுந்தது. உடையவில்லை. ‘டொக்’கென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, அத்தனை சனமும் பார்க்கச் சாவகாசமாக உருண்டு போனது. உடையாத காய் வீட்டுக்கு ஆகாது என்று கேட்டு வளர்ந்தவர் அவர். ஐயகோ, புத்தியை முந்திக்கொண்டது முதுகு! தலை தாழ்ந்தது, விரல் நீண்டது, தையல் சுருக்கென்றது.

“அப்படியே நில்லுங்க! குனிஞ்சா கம்பி நவுந்துரும் லா! மறுபடியும் நீங்க துடிக்கிறத என்னால பாக்க முடியாது!” என்று முரசென முழங்கினாள் மோகனா.

பாதி வளைந்த வில்லாக நின்றார் தலைவர். மானம் கீழே இழுத்தது; பயம் மேலே இழுத்தது. உண்மையைச் சொன்னால், அவருக்கு ரொம்பவே பயமாயிருந்தது. கட்டில் விளிம்பைப் பற்றிக்கொண்டு அழுத நாட்களெல்லாம் கண்முன் வந்தன. மெல்ல, மிக மெல்ல, நிமிர்ந்தார். பகைவரை வென்ற வேந்தர் பலருண்டு. தரையில் கிடந்த தேங்காயை எடுக்காமல் வென்றவர் இவர் ஒருவரே!

மோகனாவோ முந்தானையைச் செருகினாள், காயைப் பொறுக்கினாள், ஓங்கி ஒரே போடு. சில்லுச் சில்லாய்ப் போயிற்று. தேங்காய்த் தண்ணீர் தெறித்த முகத்தோடு அய்யாக்கண்ணு வாயைப் பிளந்தார்.

“என்னக்கா, இத்தன வருசம் எங்க ஒளிஞ்சிருந்தீங்க?”

“இவரு விட்டாத்தானே லா!”

கூட்டம் ஆர்ப்பரித்தது. புவனேஸ்வரனார் கைகூப்பினார், தேருக்கா மனைவிக்கா என்று அவருக்கே தெரியாமல். தேர் நகர்ந்தது. வானவர் பூமாரி பொழிந்ததாகத் தகவல் இல்லை.

பிறகு மோகனா குனிந்து அவருக்குச் செருப்பை மாட்டிவிட்டாள்.