ஹபீபுல்லா கடலுக்குப் போவது பற்றி லாத்தாவுக்கு

கல்மண்டபம், இராயபுரம்
14-3-1954

மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய லாத்தா ரஹீமுன்னிசா அவர்களுக்கு, தம்பி தாவூது ஸலாம் கூறி எழுதிக்கொண்டது. அல்லாஹ் வைத்தபடி நானும் ஜெரினாவும் இங்கே சுகம். கீழக்கரையில் நீங்களும் மச்சானும், கோழிகள் உட்பட வீட்டில் உள்ள எல்லா ஜீவன்களும் சுகமாக இருக்க துஆச் செய்கிறோம்.

நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருந்தீர்கள். ஹபீபுல்லா நேரத்துக்குச் சாப்பிடுகிறானா? சாப்பிடுகிறான். கடையில் ஒழுங்காக வேலை பார்க்கிறானா? பார்க்கிறான். கடல் பக்கம் போகிறானா? இந்த மூன்றாவது கேள்விக்காகத்தான் காகிதம் இரண்டு தாள் கூடுதலாக வாங்கி வந்து உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறான். அதை முதலிலேயே சொல்லிவிட்டேன். மீதியை நிதானமாகப் படிக்கவும்.

சங்கு குளித்துக் குளித்து மச்சானுக்கு இரண்டு காதும் கேட்காமல் போன பிறகு, மகனையும் கடலுக்குக் கொடுக்க மாட்டேன் என்று நீங்கள் அவனை என்னிடம் ரயிலேற்றி அனுப்பினீர்கள். நானும் 'இனி என் பொறுப்பு' என்று பெரிதாக எழுதினேன். அப்போது நம் இருவருக்குமே ஒரு விஷயம் தோன்றவில்லை. என்னுடையது கயிற்றுக் கடை. வருகிறவனெல்லாம் கட்டுமரக்காரன். கடையின் பின்கதவைத் திறந்தால் கடல் காற்று கணக்குப் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுகிறது. கடலிலிருந்து காப்பாற்ற வேண்டிய பிள்ளையைத் திருச்சிக்கல்லவா அனுப்பியிருக்க வேண்டும்!

முதல் மாதம் ஒரு குறையும் இல்லை. அதன் பிறகு விடியற்காலை சுபுஹுத் தொழுகை முடிந்ததும் 'காத்தாடப் போறேன் மாமா' என்று என் சைக்கிளை எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தான். வாலிபப் பிள்ளை, போகட்டும் என்று விட்டுவிட்டேன். துவைக்கப் போட்ட சட்டையை ஜெரினாதான் ஒருநாள் என் முன்னால் கொண்டுவந்து விரித்தாள். "இன்னாங்க, உங்க மருமவன் சட்டை இப்டி உப்பு பூத்துக் கீது? கொழாத் தண்ணீல குளிச்சா உப்பா பூக்கும்?" என்றாள். அவள் வண்ணாரப்பேட்டைக்காரி, துணி விஷயத்தில் அவளை ஏமாற்ற முடியாது. மறுநாள் விடிந்ததும் ஒரு ஜட்கா பிடித்து அவன் பின்னாலேயே போனேன். திருவொற்றியூர்க் கரையில் என் சைக்கிள் மணலில் கிடந்தது. அதன் மேல் அவன் சட்டை கிடந்தது. அவனைக் காணோம். கடல் தாம்பாளத்தில் ஊற்றி வைத்த எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. அலையடித்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன் லாத்தா. மணலில் உட்கார்ந்துவிட்டேன். உங்களுக்கு எப்படித் தந்தி எழுதுவது என்று வார்த்தைகளைக் கோத்துக்கொண்டிருக்கையில், கூப்பிடு தூரத்தில் ஒரு தலை மேலே வந்தது. "மாமா! நீங்களா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?" என்று சிரிக்கிறான்.

அங்கே தண்ணீருக்கடியில் ஒரு பாறைத் திட்டு இருக்கிறது. நம்மூரைப் போலவே இங்கும் அதைப் பார் என்றுதான் சொல்கிறார்கள். இவன் கண்ணாடித் துண்டு இரண்டை மரச்சட்டத்தில் பதித்து, சைக்கிள் டியூபை வெட்டித் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அந்தப் பாரைச் சுற்றி முங்கிக்கொண்டிருக்கிறான். (என் சைக்கிளின் டியூபல்ல. பார்த்துவிட்டேன்.) கையில் ஒன்றுமே இல்லை.

"என்னடா எடுத்தே?"

"ஒண்ணும் எடுக்கல மாமா. சும்மா பாத்துட்டு வந்தேன்."

நம் குடும்பத்தில் கடலுக்குள் முங்கி வெறுங்கையோடு வந்தவன் இதுவரை யாரும் இல்லை. "என்னத்தைப் பாத்தே?" என்றேன். "மீனை" என்றான். மீன்தான் பார்க்க வேண்டுமென்றால் மார்க்கெட்டில் பார்க்கக் கூடாதா என்று கேட்டேன். "அது செத்த மீன்ல மாமா" என்றான்.

கண்ணாடியைப் பிடுங்கி வந்து கடையில் தார் டின்களுக்குப் பின்னால் வைத்துப் பூட்டினேன். அவன் பத்து நாள் தலை குனிந்து கயிறு அளந்தான். மூன்று தோசை சாப்பிடுகிறவன் ஒன்றோடு எழுந்தான். உங்களுக்கு எழுதலாமா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், போன வியாழக்கிழமை காலை துரை என்கிற கட்டுமரக்காரன் மனைவி இருதயம்மாளையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தான். "பாய், புது வலை பார்ல மாட்டிகினு கீது. நாங்களும் முங்கிப் பாத்துட்டோம், உள்ள கண்ணு தெர்ல. இழுத்தா கிழிஞ்சிடும். கிழிஞ்சா புள்ளைங்க பட்டினிதான். உன் மருமவன் கண்ணாடி வெச்சிகினு கீறாராமே, கொஞ்சம் அனுப்பு பாய்" என்றான். முடியாது, என் லாத்தாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். இருதயம்மாள் கடைப்படியில் உட்கார்ந்தாள். "இன்னா பாய், உங்க அக்கா மூக்குத்தியவா கேட்டேன்? புள்ளையத்தானே கேட்டேன், கால் மணி நேரம். மூச்சு முட்டினா மேல வந்துடப் போறாரு" என்றாள். வியாபாரம் நின்றுபோய்த் தெருவே எட்டிப் பார்க்க, நான் ஹபீபுல்லாவைப் பார்த்தேன். அவன் தார் டின்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சரி என்றேன். ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன். அவன் இடுப்பில் என் கடையின் முதல் தரக் கயிற்றைக் கட்ட வேண்டும், மறுமுனையை நானே பிடிக்க வேண்டும்.

ஆகவே, நாற்பத்தெட்டு வயதில் முதல் முறையாகக் கட்டுமரம் ஏறினேன். கயிற்றை ஒரு தடவை சுண்டினால் சுகம், இரண்டு தடவை சுண்டினால் தூக்கு என்று ஏற்பாடு. கடலோ நிமிஷத்துக்கு நாற்பது தடவை சுண்டுகிறது. நான் நான்கு முறை அவனைத் தூக்கினேன். நான்காவது முறை அவன் மேலே வந்து, "மாமா, வலையில கை வைக்கவே விட மாட்டேங்கறீங்களே" என்று அழாத குறையாகக் கேட்டான். இனி தூக்குவதில்லை என்று கயிற்றை என் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டேன். அவன் பாறையைச் சுற்றி அந்தப் பக்கம் போனான். கயிறும் போனது. கயிற்றோடு நானும் போனேன்.

லாத்தா, கைலி குடை மாதிரி விரிந்து தலைக்கு மேல் வந்துவிட்டது. கலிமாவைச் சொல்ல வாயைத் திறந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போகிறது. ஜெரினாவுக்கும் உங்களுக்கும் மனதுக்குள் ஸலாம் சொல்லிவிட்டேன். அப்போது மேலிருந்து துரையின் குரல் கேட்டது. "பாய், எழுந்து நில்லு! காலை ஊனி நில்லு பாய்!" நின்றேன். பாரின் முதுகில் தண்ணீர் என் மார்பளவுதான் இருந்தது.

துரை சிரிக்கவில்லை, அதற்கு அவனுக்கு நன்றி. ஹபீபுல்லா நீந்தி வந்து, "வந்ததுதான் வந்துட்டீங்க, ஒரு தடவை பாருங்க மாமா" என்று கண்ணாடியை என் தலையில் மாட்டிவிட்டான். முகத்தை மட்டும் முக்கினேன்.

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. வெயில் உள்ளே இறங்கிப் பாறை மேல் வலை வலையாக ஆடிக்கொண்டிருந்தது. கறுப்பு வரி போட்ட மஞ்சள் மீன்கள் கூட்டமாக வந்து, என் கையைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போயின. விரல் நீளம்கூட இல்லாத நீல மீன் ஒன்று என் மூக்குக்கு நேராக நின்று என்னைப் பார்த்தது. 'என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாயே, என்ன விஷயம்?' என்று கேட்கிற மாதிரி இருந்தது. எனக்கும் சொல்லத் தெரியவில்லை. மூச்சு தீர்ந்தபோதெல்லாம் தலையைத் தூக்கித் தூக்கி மறுபடி முக்கினேன். துரை, "பாய், கண்ணாடிய குடு, வலை காத்துகினு கீது" என்று சொல்லும்வரை வலையை மறந்தே போனேன்.

பிள்ளை ஏழெட்டு முறை முங்கி, வலைக்கண்ணை ஒவ்வொன்றாக விடுவித்து, ஒரு கிழிசலும் இல்லாமல் வலையை மேலே கொண்டுவந்தான். கரைக்குத் திரும்பும்போது என் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று சொன்னான். அதை அப்படியே எழுதுகிறேன்: "வாப்பா ஏழு பாகம், ஏழு ஆள் ஆழம் முங்குனாங்க. இது ரெண்டு பாகம்கூட இல்ல மாமா. காது வலிச்சா நான் உடனே மேல வந்துருவேன். சங்கைத் தேடுன அவசரத்துல, வாப்பா ஒரு நாளாச்சும் சுத்திப் பாத்திருப்பாங்களா? கேக்கணும்னு இருக்கு. எப்படிக் கேக்கறதுன்னுதான் தெரியல."

நான் கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

என்ன இருந்தாலும் வாக்குத் தவறியவன் நான். எனவே நன்றாக யோசித்து முடிவு செய்துவிட்டேன். வருகிற புதன்கிழமை ரயிலில் ஹபீபுல்லாவை ஏற்றி அனுப்புகிறேன். உங்கள் கண் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். இனி நானும் கணுக்காலுக்கு மேல் கடலைத் தொடுவதில்லை. நடந்த தவறைப் பொறுத்துக்கொண்டு இந்தத் தம்பிக்காக துஆச் செய்யவும். மச்சானுக்கும் அக்கம்பக்கத்தில் விசாரித்தவர்களுக்கும் எங்கள் ஸலாம். உங்கள் கையால் ஆக்கிய சோறு எல்லோருக்கும் குறைவில்லாமல் கிடைக்க இறைவன் அருள் புரியட்டும்.

பிரியமுள்ள தம்பி,
தாவூது

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் இந்தக் கடிதத்தை ஜெரினா வாங்கிப் படித்தாள். நீல மீன் வரும் இடத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "புள்ளைய ஊருக்கு அனுப்ட்டா என்னை யாரு இட்டுகினு போவாங்க?" என்றாள். ஆகையால் புதன்கிழமை ரயிலை அடித்துவிட்டுப் படிக்கவும். கணுக்காலையும் அடித்துவிடவும். கட்டுமரங்களெல்லாம் மீன் பிடிக்கப் போன பிறகு கரையில் ஆள் இருக்காதாம், இருதயம்மாள் துணைக்கு வருகிறாளாம். ஹபீபுல்லா இன்னொரு கண்ணாடி செய்கிறான் (டியூப் இந்த முறை என் சைக்கிளுடையதுதான்). ஜெரினா இப்போது அண்டாத் தண்ணீரில் முகத்தை முக்கி மூச்சுப் பிடித்துப் பழகிக்கொண்டிருக்கிறாள். நான்தான் எண்ண வேண்டுமாம். இருபத்தாறு, இருபத்தேழு. இத்துடன் நிறுத்துகிறேன்.