மணற்கோட்டகத்தில் வயல் பதிவு

நீலாயதாட்சி வரப்பில் குப்புறப் படுத்துக் கண்ணை மூடியிருந்தாள். தனக்குப் பின்னால் நாற்பது பேர் வந்து நிற்பது அவளுக்குத் தெரியாது.

தெரியவும் வழியில்லை. இரண்டு காதையும் அடைத்துக்கொண்டிருந்த ஹெட்ஃபோன் வழியாக அவள் மண்ணுக்கு அடியில் இருந்தாள். நடவு முடிந்து இருபது நாள் ஆன சம்பா வயல். வரப்போரச் சேற்றில் நாலு இரும்புக் கம்பிகளைக் குத்தி, ஒவ்வொரு கம்பியின் தலையிலும் பொட்டு அகலத்துக்கு ஒரு மைக்கை ஒட்டி, ஒயர்களை இழுத்துவந்து ரெக்கார்டரில் செருகியிருந்தாள். வளைக்குள் நண்டு புரண்டு படுப்பது கேட்டது. தண்ணீர் வேரோடு என்னவோ குசுகுசுத்தது.

அப்போதுதான் அந்தப் புதுச் சத்தம் வந்தது. தொம்... தொம்... தொம்தொம். பூமிக்குள் யாரோ உட்கார்ந்து தவில் வாசிப்பதுபோல. நீலாவுக்குப் புல்லரித்தது. இரண்டு வருடப் படிப்பில் இப்படி ஒரு தாளத்தை அவள் கேட்டதில்லை. ஆசையாக ஒலியளவைக் கடைசிவரை திருகினாள்.

அந்த நேரம் பார்த்து எல்லையம்மாள் ஒரு கம்பியை ஓங்கி உதைத்தாள்.

காதுக்குள் இடி விழுந்தது. நீலா அலறிக்கொண்டு எழுந்தாள், வழுக்கினாள், வயலுக்குள் தொபுக்கென்று உட்கார்ந்தாள். நிமிர்ந்து பார்த்தால் வரப்பு நெடுக எண்பது கால்கள். தாளத்தின் ரகசியம் விளங்கியது.

"எந்தக் கம்பெனிடி நீ?" என்றாள் எல்லையம்மாள். புல்லறுக்க வந்தவள், கையில் அரிவாள் இருந்தது.

மணற்கோட்டகத்தில் அந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான். வயலுக்கு அடியில் எரிவாயு இருக்கிறது, குழாய் இறக்கி எடுக்கப் போகிறோம் என்று ஒரு கம்பெனி இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. எடுத்தால் தண்ணீர் போகும், மண் போகும், விளைச்சல் போகும் என்று ஊர் கொதித்துப் போயிருந்தது. ஆளுங்கட்சி வந்து 'விடமாட்டோம்' என்று சொல்லி மாலை வாங்கிப் போனது. எதிர்க்கட்சியும் வந்து அதையே சொல்லி இன்னும் பெரிய மாலையாக வாங்கிப் போனது. மாலை போட்டதில் பயன் இல்லை என்று கண்டுகொண்ட ஜனங்கள் விளக்குமாற்றைக் கையில் எடுத்தார்கள். கம்பெனி குறித்துவைத்த வடக்குவெளியில் பந்தல் போட்டு இரவு பகலாகக் காவல் இருந்தார்கள். கம்பெனி ஜீப் மூன்று முறை வந்தது. மூன்று முறையும் ரிவர்ஸ் கியரிலேயே மெயின் ரோடு வரைக்கும் போனது.

"கம்பெனி எல்லாம் இல்ல பெரியம்மா. நான் ஸ்டூடண்ட். நாகப்பட்டினம்தான். எங்கப்பா காயாரோகணம், விசைப்படகு வச்சிருக்கார்."

விவசாயச் சங்கத் தலைவர் அய்யாவு முன்னால் வந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் துண்டை உதறினால் பேச்சுவார்த்தை தொடங்கிவிட்டது என்று பொருள்.

"என்ன படிக்கிறம்மா?"

"எம்.ஏ. படிக்கிறேங்கய்யா. பெங்களூர்ல."

"எம்.ஏ.ன்னா? தமிழா? வரலாறா?"

"சத்தம்."

அய்யாவு பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் வானத்தைப் பார்த்தார். நீலாவுக்கு இந்த இடம் பழக்கம்தான். சொந்த அப்பாவே, "நான் தினம் மீன் ஏலத்துல போடாத சத்தமா? அதுக்குப் பெங்களூருக்குப் போயி ரெண்டு வருஷமா?" என்று கேட்டவர். இன்னும் கொஞ்சம் தெளிவாகச் சொல்லிவிடுவோம் என்று நினைத்தாள். அதுதான் அவள் செய்த முதல் தப்பு.

"முழுப் பேரு சோதனை ஒலிக்கலைங்கய்யா."

"பாத்தியா, பாத்தியா! சோதனைன்னு அவ வாயாலயே சொல்லிட்டா!" என்று எல்லையம்மாள் கத்தினாள். "மண்ணைச் சோதனை பண்ண வந்திருக்கா!"

"ஐயோ, அந்தச் சோதனை இல்ல! கல்லூரி லெட்டர் வச்சிருக்கேன், பாருங்க."

லெட்டர் ஆங்கிலத்தில் இருந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பஞ்சநாதனைக் கூட்டம் முன்னால் தள்ளியது. அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய குரலில் ஒவ்வொரு சொல்லாக மொழிபெயர்த்தார்.

"இந்த மாணவி... உங்கள் ஊரில்... ஃபீல்டு ரெக்கார்டிங். அதாவது, வயல்... பதிவு... செய்ய வந்திருக்கிறார்."

அய்யாவு லெட்டரை எட்டிப் பார்த்தார்.

"வயலைப் பதிவு பண்ணவா?" என்றார் அவர். "யாரு பேருக்கு?"

"அது பத்திரப் பதிவு இல்லைங்கய்யா, ஒலிப்பதிவு!" என்று நீலா பதறினாள். "சார், அடுத்த வரியையும் படிங்க!"

பஞ்சநாதன் படித்தார். "நிலத்துக்கு அடியில் இருப்பதை... எடுத்துக்கொண்டு... போவார். ஒத்துழைப்புத் தரவும்."

ஒத்துழைப்புத் தர நாலு பெண்கள் விளக்குமாற்றோடு வயலில் இறங்கினார்கள்.

நீலா ரெக்கார்டரை மார்போடு அணைத்துக்கொண்டாள். வயல்காரரிடம் அனுமதி வாங்கித்தானே வந்தோம் என்று ஞாபகம் வந்தது. வைத்தியலிங்கம் அப்பாவுக்குக் கூட்டாளி; தஞ்சாவூரில் இருக்கிறார். அவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"மாமா, நான் நீலா. உங்க வயல்லதான் இருக்கேன். நீங்கதான் பர்மிஷன் குடுத்தீங்கன்னு ஊர்க்காரங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

"யோவ் வைத்தியலிங்கம்!" என்றார் அய்யாவு போனுக்குள். "கம்பெனிக்கு நிலத்தைக் குடுத்துட்டியா?"

மறுமுனையில் எச்சில் விழுங்கும் சத்தம் கேட்டது. பிறகு வைத்தியலிங்கம் தெளிவாகப் பேசினார். "எந்த நீலா? எனக்கு நீலான்னு யாரையும் தெரியாதே. காயாரோகணத்தையும் தெரியாது. நாகப்பட்டினத்துக்கே நான் போனதில்லை." லைன் அறுந்தது.

அவள் பிறந்தநாளுக்குப் பட்டுப்பாவாடை எடுத்துக் கொடுத்த மாமா. நம்பர் சரிதானா என்று நீலா போனைப் பார்த்தாள்.

இனிப் பேசிப் பயனில்லை. கேட்கவைத்துவிடலாம் என்று தோன்றியது. கேட்டால் யாருக்குமே புரிந்துவிடும். அது அவள் படிப்பின் மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கை. ஹெட்ஃபோனைக் கழற்றி எல்லையம்மாளின் தலையில் மாட்டினாள்.

"பெரியம்மா, நீங்களே கேளுங்க. நான் எடுக்கிறது இதைத்தான். வேற ஒண்ணுமில்ல."

எல்லையம்மாள் சந்தேகமாகக் காதைக் கொடுத்தாள். முகம் மெல்ல மாறியது. புருவம் ஏறியது. வாய் திறந்தது. நீலாவுக்கு உயிர் வந்தது. புரிந்துவிட்டது!

"கொதிக்குதுடி!" என்று எல்லையம்மாள் வீறிட்டாள். "அடியில குடுகுடுன்னு என்னமோ கொதிக்குது! குமிழி குமிழியா வருது!"

"ஆமா பெரியம்மா!" நீலா உற்சாகத்தில் தன்னை மறந்தாள். "அதுதான் இருக்கறதுலேயே அழகான சத்தம். தண்ணி நிக்கிற வயல்ல எல்லாம் இயற்கையா வர்றதுதான். மீத்தேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவள் காதில் விழுந்தது.

அந்தச் சொல்லை அந்த ஊரில் யாரும் வீட்டில்கூடச் சொல்வதில்லை. கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது. நாலு கம்பியில் ஏதோ ஒன்று வெடிக்கப் போகிறது என்பதுபோலப் பார்த்தது. பஞ்சநாதன் பீடியை அவசரமாக அணைத்தார்.

"கண்டுபிடிச்சே குடுத்துட்டாளா!" என்று அய்யாவு தலையில் கை வைத்தார்.

நீலாவுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு ஆள். அவளுடைய பேராசிரியர் முகம்மது யூசுப். படித்தவர், பண்பானவர், தமிழ் பேசுபவர். எடுத்துச் சொன்னால் ஊர் கேட்கும். மறுபடி ஸ்பீக்கர்.

"சார், இங்க ஒரு சின்னப் பிரச்சினை..."

"பிரச்சினையை விடு நீலா. குமிழி கிடைச்சுதா?"

"கிடைச்சுது சார், ஆனா..."

"பிரமாதம்! மேலாக எடுத்துட்டு வந்துடாதே. மூணடி பத்தாது. இன்னும் ஆழமா இறக்கு. இந்த ஊர் முடிஞ்சதும் அடுத்த ஊர், அதுக்கடுத்த ஊர்னு போயிக்கிட்டே இரு. டெல்டா மொத்தத்தையும் எடுத்துடணும். ஜெர்மனிக்காரங்க காத்துக்கிட்டிருக்காங்க!"

ஜெர்மனியில் இருப்பது ஒலிக்கலைக் கண்காட்சி என்று விளக்க நீலா வாயைத் திறந்தாள். அதற்குள் இரண்டு பேர் கோவிலை நோக்கி ஓடிவிட்டார்கள்.

ஐந்து நிமிடத்தில் மாரியம்மன் கோவில் ஒலிபெருக்கி அலறியது. "தெற்குவெளியில் கம்பெனி ஆளைப் பிடித்து வைத்திருக்கிறோம். ஜெர்மனிக்கு விற்கிறார்கள். வீட்டில் ஒருவர்கூட இருக்க வேண்டாம். காவல் பந்தலில் இருப்பவர்களும் உடனே வரவும்!"

ஊரே வந்தது. அடுப்பில் உலையை இறக்கிவைத்துவிட்டு வந்தார்கள். கட்டிலோடு ஒரு பெரியவரைத் தூக்கிவந்தார்கள். நீலாவைப் பம்புசெட்டுக் கொட்டகையில் உட்காரவைத்து நாலு பக்கமும் ஆள் நின்றது. சேறு காய்ந்து அவள் காலில் வெடிப்பு விட்டிருந்தது. அப்பாவின் படகில் ஐஸ் கட்டி உடைத்துக்கொண்டு இருந்திருக்கலாமே என்று நினைத்துக்கொண்டாள்.

பதினோரு மணிக்குப் போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து இறங்கினதும் நீலா ஓடிப்போய் அவர் காலில் விழாத குறை. சட்டம் தெரிந்த ஒரு மனுஷர் வந்துவிட்டார்!

"எதுக்கு இவ்வளவு கூட்டம்? யாரால இது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஐந்நூறு கைகள் நீலாவைக் காட்டின. "இந்தப் பொண்ணாலதான்!"

"ஓகோ! நீதானா அது?" இன்ஸ்பெக்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "வெளியூர்லேருந்து வந்து ஜனங்களைத் தூண்டிவிடுறியா?"

நீலா கைகூப்பினாள். "சார்! நான் தூண்டலை சார், நான் சத்தம்..."

"நீ சத்தம் போட்டது போதும். ஜீப்புல ஏறு." ரெக்கார்டர் அவர் கண்ணில் பட்டது. "ரெக்கார்டு வேற பண்றியா? நெட்ல போட்டு நாட்டையே கிளப்பிவிடவா?"

பெண் கான்ஸ்டபிள் அவள் கையைப் பிடித்தாள். நீலா திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் உடைந்தது.

"நில்லுங்கடி!" என்றாள் எல்லையம்மாள். அவள் மண்டைக்குள் ஏதோ ஓடுவது முகத்தில் தெரிந்தது. "கம்பெனி ஆளா இருந்தா இவங்க குடை பிடிச்சுல்ல கூட்டிக்கிட்டுப் போவாங்க? ஜீப்புல ஏத்துறாங்கன்னா... இது நம்ம புள்ளதான்டி!"

ஐந்நூறு பேருக்கும் ஒரே நொடியில் புரிந்தது. இவ்வளவு எளிய கணக்கு காலையிலிருந்து எப்படித் தோன்றாமல் போயிற்று என்று ஆச்சரியப்பட்டார்கள். விளக்குமாறுகள் அப்படியே திசை திரும்பின. நாற்பது பெண்கள் ஜீப்புக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்கள்.

"எங்க புள்ள மேல கை வச்சுப் பாருங்க!" என்று அய்யாவு துண்டை இடுப்பில் கட்டினார். அவர் துண்டை இடுப்பில் கட்டினால் பேச்சுவார்த்தை முடிந்துவிட்டது என்று பொருள்.

ஒரு மணி நேரம் தள்ளுமுள்ளு. யார் யாருக்கோ போன் போட்டுப் பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டர் போய்விட்டார். ஆரவாரம் வானத்தைப் பிளந்தது. யாரோ வெடி கொளுத்தினார்கள். எல்லையம்மாள் தன் முந்தானையால் நீலாவின் முகத்தைத் துடைத்து, சொம்பு நிறைய மோர் கொடுத்தாள். "கழுதை, படிக்கிற புள்ளைன்னு மொதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்று செல்லமாகத் திட்டினாள்.

பிறகு எல்லாரும் வரிசையில் நின்று ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மண்ணைக் கேட்டார்கள். "இது நண்டுதானே?" "என் வயல்லயும் இப்படித்தான் பேசுமா?" பஞ்சநாதன் கண்ணை மூடி அரைமணி நேரம் கேட்டார், மற்றவர்கள் பிடுங்க வேண்டியிருந்தது. கட்டிலில் கிடந்த பெரியவர் கேட்டுவிட்டு அழுதார். தான் ஏன் இதைப் படிக்கிறோம் என்று யாருக்கும் இதைவிட நன்றாக நீலாவால் சொல்லியிருக்க முடியாது.

மணி இரண்டரை இருக்கும். வரப்போரம் ஒரு மொபெட் வந்து நின்றது. பின்னால் மூட்டை மூட்டையாகப் புடவை. வாரம் ஒருமுறை நாகூரிலிருந்து வரும் புடவை வியாபாரி மூஸா பாய்.

"என்னங்க இது, மொத்த ஊரும் இங்கயா இருக்கு?" என்று அவர் நெற்றி வியர்வையைத் துடைத்தார். "காலையிலேருந்து தெருத்தெருவா ஹாரன் அடிச்சுட்டேன். ஒரு வீட்டுலயும் ஆளில்ல."

"இன்னிக்கு ஊருக்கே திருநாள் பாய்!" என்று அய்யாவு சிரித்தார். "வாங்க, வந்து எங்க மண்ணைக் கேளுங்க."

"இருக்கட்டும் தலைவரே, இன்னிக்கு வியாபாரம்கூட ஆச்சு. வடக்குவெளியில ரெண்டு லாரி நிறைய இரும்புக் குழாய் இறக்கிக்கிட்டிருந்தாங்களே, அந்த ஆபீசருங்கதான் வீட்டுக்குன்னு ஆளுக்கொரு புடவை எடுத்தாங்க. நாலு குழாயை மண்ணுக்குள்ள இறக்கி, சுத்தி வேலியும் போட்டு, இப்பதான் கிளம்பினாங்க." மூஸா பாய் ஊர்க்காரர்களைப் பெருமையோடு பார்த்தார். "'எந்த ஊருக்குப் போனாலும் ஒரே கூச்சல் பாய், இவ்வளவு சத்தமில்லாத ஊரை நாங்க பார்த்ததே இல்லை'ன்னு சொல்லி, உங்க எல்லாருக்கும் நன்றி சொல்லச் சொன்னாங்க."