இணைப்பு ஐந்து: மகளின் சான்று

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்ததற்குப் பிறகு நிகழ்ந்த மாபெரும் சம்பவம், கோப்பறைக் கண்காணிப்பாளர் ஓட ஆரம்பித்ததுதான்.

அதற்கு முன் அவர் பேருந்துக்குக்கூட ஓடியதில்லை. போனால் போகட்டும், அடுத்தது வரும் என்று நிற்கும் பெருந்தன்மை அவருடையது. நாற்பத்து மூன்று வயதில் டாக்டர் "கொஞ்சம் நடங்க" என்றார். நடப்பது தம் தகுதிக்குக் குறைவு என்று பட்டது. ஓடினார். காலையில் பன்னிரண்டு கிலோமீட்டர், மாலையில் ஆறு. அலுவலகமே அவரை 'எக்ஸ்பிரஸ்' என்று கூப்பிட்டது. அவர் மேசையில் ஒரு கோப்பு நகர மூன்று வாரம் ஆகும் என்பது வேறு விஷயம்.

அதற்காக வீட்டைக் கைவிட்டார் என்று யாராவது சொன்னால் நாக்கு அழுகிவிடும்! ஃபிரிட்ஜ் கதவில் அட்டவணையே ஒட்டியிருந்தார். செவ்வாய் 'வேக ஓட்டம்'. வியாழன் 'மேட்டு ஓட்டம்'. ஞாயிறு 'நெடு ஓட்டம்'. வெள்ளி மாலை ஆறேகாலிலிருந்து ஆறரை வரை 'குடும்பம்'.

பத்து வயது மகளுக்கு ஒரே ஒரு கோரிக்கை. அடுத்த மாதம் பள்ளியில் சைக்கிள் சுற்றுலா. வகுப்பிலேயே சைக்கிள் ஓட்டத் தெரியாதவள் அவள் ஒருத்திதான்.

"அப்பா, சீட்டைப் பிடிச்சுக்கிட்டு பின்னாடியே ஓடி வந்தா போதும்ப்பா. அம்மாவுக்கு மூட்டு வலி. நீங்கதான் நல்லா ஓடுவீங்களே!"

"குனிஞ்சு ஓடக் கூடாதுடா செல்லம். விட்டு விட்டு ஓடினா சராசரி வேகம் போயிடும். கோச் திட்டுவாரு."

"கோச் யாருப்பா?"

"போன்ல இருக்காரு."

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "வாசல்லேருந்து விளக்குக் கம்பம் வரைக்கும் இருபது மீட்டர்தாங்க."

"இருபது மீட்டரையெல்லாம் இந்த வாட்ச் கணக்குலயே சேர்த்துக்காதும்மா" என்றார் அவர், உண்மையான வேதனையோடு.

அதன் பிறகு மகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தாலே, அவர் ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டத் தொடங்கிவிடுவார்.

இந்தச் சமயத்தில்தான் சுற்றறிக்கை வந்தது. வேலை, வீடு, லட்சியம் மூன்றையும் ஒருசேரப் பேணும் ஊழியருக்கு 'சமநிலைச் செம்மல்' விருது. விண்ணப்பத்தோடு ஐந்து இணைப்புகள். ஐந்தாவது, குடும்ப உறுப்பினர் ஒருவரின் சான்று.

"என்கிட்ட கேக்காதீங்க. நான் எழுதினா தாள் பத்தாது" என்றாள் மனைவி. மகள் எழுதிக் கொடுத்தாள்.

கண்காணிப்பாளர் சான்றைப் பரிசீலித்தார். தேதி இருக்கிறதா? இருக்கிறது. கையெழுத்து? இருக்கிறது. பக்க எண் மட்டும் விடுபட்டிருந்தது; சிவப்பு மையில் போட்டார். உள்ளே எழுதியிருப்பதைப் படிப்பது கோப்பறை மரபு அல்ல. இருபது வருட சர்வீஸில் அந்தத் தவறை அவர் ஒருமுறைகூடச் செய்ததில்லை. தேர்வுக் குழுவினர் நால்வரும் அதே மரபில் வந்தவர்கள். ஆளுக்கொரு 'பார்வையிட்டேன்' எழுதிக் கையெழுத்திட்டார்கள்.

சுற்றுலா அன்று மகளுக்குக் காய்ச்சல் என்று மனைவி பள்ளிக்குக் கடிதம் கொடுத்தாள். காய்ச்சலெல்லாம் ஒன்றும் இல்லை. பிள்ளை நாள் முழுக்க ஜன்னலோரமே உட்கார்ந்திருந்தாள். அன்று வியாழன், அப்பாவுக்கு மேட்டு ஓட்டம்.

இரண்டு நாள் கழித்து விருது விழா. அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் மனைவியும் மகளும். மேடையில் கண்காணிப்பாளர், கழுத்தில் மாலையோடு. மேலதிகாரி மைக்கைப் பிடித்தார்.

"நான் என்னங்க சொல்றது இவரைப் பத்தி? பெத்த பொண்ணே எழுதியிருக்கு, கேளுங்க!"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இணைப்பு ஐந்தை வாழ்நாளில் முதன்முறையாகப் பார்த்து, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

"எங்கள் அப்பா மிகவும் நன்றாக ஓடுவார்."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. கண்காணிப்பாளர் மாலையைச் சரிசெய்துகொண்டார். மேலதிகாரி கை உயர்த்தி அமைதிப்படுத்திவிட்டு, அடுத்த வரியை இன்னும் உரக்க வாசித்தார்.

"நான் சைக்கிளை வெளியே எடுத்தால், இன்னும் வேகமாக ஓடுவார்."