வரம்பு நண்டு

கதிர்காமநாதன் நாவலிலிருந்து தலையை நிமிர்த்தியபோது உச்சி வெயில். குதிப்பதா வேண்டாமா என்று கதாநாயகி இன்னும் கிணற்றுக்கட்டில்தான் நின்றாள். எதிரே, மண்வெட்டியும் தோளுமாகப் பக்கத்து வயல் யோகநாதன்.

“அண்ணை, உங்கடை முறை முடிஞ்சுது. பலகையை எடுங்கோ.”

எடுப்பதென்றால் முதலில் போட்டிருக்க வேண்டும். வாய்க்காலை மறித்துத் தண்ணீரை வயலுக்குள் திருப்பும் பலகை அவருடைய காலடியில் காய்ந்து கிடந்தது. காலை ஆறு மணிக்கு ‘ஒரேயொரு பக்கம்’ என்று புத்தகத்தை விரித்தவர். ஆறு மணித்தியாலத் தண்ணீரும் அவரைக் கேட்காமலே கீழே போய்விட்டது. பயிர் குடலை தள்ளி, உள்ளே கதிர் கருக்கொள்ளும் நேரம். அடுத்த முறைக்குப் பத்து நாள். அதுவரை ஈரமில்லாவிட்டால் நெல்லெல்லாம் பதர்.

பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் அரிதாகிவிட்ட காலம்; விளக்கில் கதை படிப்பவனைத் தர்மபுரம் ஊரே பணக்காரன் என்றது. பகலில் படிப்பவனை என்னவென்று சொல்லும் என அவர் யோசிக்க விரும்பவில்லை.

“தம்பி, எனக்கொரு மணித்தியாலம் விடன்.”

“சும்மாவோ?”

வெட்கப்பட்டவனுக்குப் பேரம் பேச நா எழாது. கையிலிருந்ததை நீட்டினார்.

“இந்தக் கதையைக் கொண்டுபோ. எடுத்தால் கீழை வைக்கமாட்டாய். கடைசி வயல் மாயாண்டி தந்தது. ஆரோ வாத்தியார் இடம்பெயர்ந்து போகேக்கை குடுத்ததாம்.”

“ஆர், மலைநாட்டிலையிருந்து வந்தவன், போன கூட்டத்திலை தனக்கும் ஒரு முறை கேட்டவனோ? ‘மிச்சம் வந்தால் எடு’ எண்டு நாங்கள் கலைச்சுவிட்டனாங்களே?”

“அவன்தான். நல்ல மனுசன், மனசிலை ஒண்டும் வைக்கேல்லை.”

அந்த ஒரு மணித்தியாலத்தில் வயலின் ஒரு மூலை நனைந்தது.

வீட்டில் மனைவி இராசேஸ்வரி கேட்டாள். “என்னப்பா, முறைத் தண்ணி விட்டும் வயல் வெடிச்சுக் கிடக்கு?”

“நண்டு. வரம்பைத் துளைச்சு, விட்ட தண்ணியெல்லாம் வெளியாலை போட்டுது.”

நண்டு தன் வாய்க்குள் எப்படி வந்ததென்று அவருக்கே தெரியாது.

இராசேஸ்வரி நண்டைச் சும்மா விடுகிற ஆளல்ல. விடிந்ததும் மண்வெட்டியோடு வரம்பில் நின்றாள்.

“எந்த இடம்?”

ஒரு இடத்தைக் காட்டினார். வெட்டினாள். நண்டு இல்லை.

“பேந்து எங்கை?”

இன்னோர் இடத்தைக் காட்டினார். மத்தியானத்துக்குள் வரம்பு மூன்று இடத்தில் வாய் பிளந்து, மூலையில் நின்ற தண்ணீரும் வழிந்தோடியது. அவளுடைய உள்ளங்கை கொப்பளித்திருந்தது. அதைக் கண்டதும் உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார்.

“பெரிய நண்டாக்கும்,” என்றது வாய்.

மூன்றாம் நாள் யோகநாதன் வந்து தலையைக் குனிந்தபடி நின்றான். கண் இரண்டும் சிவந்திருந்தன.

“அண்ணை, எங்கடை வரம்பிலையும் நண்டு.”

கதிர்காமநாதன், இராசேஸ்வரி சமைத்துக்கொண்டிருந்த குசினிப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார். “எத்தினையாம் அத்தியாயம்?”

“பதினேழு.”

“புத்தகம் எங்கை?”

“ஏரம்பர் பாத்திட்டுத் தாறனெண்டு வாங்கிக்கொண்டு போட்டார்.”

ஏரம்பர் வட்டவிதானை. யாருக்கு எப்போது தண்ணீர் என்று முறை வகுப்பவர். இரண்டு நாளில் அவருடைய வரம்பிலும் நண்டு விழுந்தது.

பிறகென்ன, கூட்டம். நண்டுத் தொல்லையால் பயிர் வாடுவதால் மேலதிகமாக ஒரு முறை தண்ணீர் தரவேண்டும் என்று நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு எழுதிய மனுவை ஏரம்பர் தலை நிமிராமல் வாசித்தார். யோகநாதன் நிமிராமல் கையெழுத்து வைத்தான். கதிர்காமநாதனுக்குப் பேனை வழுக்கியது. உள்ளங்கையில் சீலைத்துணி சுற்றியிருந்த இராசேஸ்வரி எழும்பினாள்.

“விதானையார், நான் வாய்க்கால் நீளத்துக்கும் நடந்து பாத்தனான். உங்கடை மூண்டு பேற்றை வயலும் வெடிச்சுக் கிடக்கு. கடைசி வயல் மட்டும் தண்ணி தளும்பப் பச்சைப்பசேலெண்டு நிக்குது. மாயாண்டி, உன்ரை வரம்பிலை மட்டும் ஏன் நண்டு இல்லை?”

பின்வரிசையில் நின்ற மாயாண்டி தோள் துண்டைப் பணிவாக எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கைப்பைக்குள் எதையோ தேடினான்.

“எனக்குத்தான் படிக்கத் தெரியாதுங்களேம்மா. ஐயாமாருக்குன்னு ரெண்டாம் பாகமும் கொண்டாந்திருக்கேங்க.”