தாடிக்காரக் குளவி

இந்த வசந்தத்தில் மாமனாரின் பேரீச்சை மரம் ஏறுவதில்லை என்று முடிவு கட்டினேன். எங்கள் பாலைவன ஊரான தோசரில் மருமகன் என்றால் வருஷா வருஷம் ஏறியாக வேண்டும். நாற்பது பெண் மரம். ஒவ்வொரு பாளைக்குள்ளும் ஆண் பூவைச் செருக வேண்டும். முள் என்னைச் சல்லடையாக்கிவிடும்.

ஆனால் நான் யார்? குளவி நிபுணன். பழந்துளைக்கும் அந்துப்பூச்சியின் முட்டைக்குள்ளேயே முட்டையிடுகிற, தூசியளவுக் குளவி. எங்களிடம் இரண்டு இனம். பெற்ற தாய்க்கே வித்தியாசம் தெரியாது. ஆய்வுக்கூடத்தில் இரண்டு குப்பிகளின் பெயர்ச்சீட்டையும் நானே உரித்துச் சட்டைப் பையில் போட்டேன். குப்பிகளும் நுண்ணோக்கியுமாக வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

“எந்தக் குப்பியில எந்த இனம்னு தெரியாமப் போச்சு மப்ரூக்கா. பிரிச்சுச் சொல்லப் பத்து நாளாகும்.”

“அதுக்குள்ள அப்பாவோட மரத்துல பாளை முத்திடுமே.”

“என்ன பண்றது. என்னை விட்டா நாட்டுல ஆள் இல்ல.”

புதினாத் தேநீரோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அப்படி என்னதாங்க வித்தியாசம்?”

கேட்டால் எப்படிச் சொல்லாமல் இருப்பது?

“பொம்பளைங்க ரெண்டு இனத்துலயும் அச்சு அசல் ஒண்ணு. ஆம்பளைக்குத்தான் உணர்கொம்புல தாடி மாதிரி நீள முடி. ஒரு இனத்துல ஆம்பளையே கிடையாது. தாய் தனியாவே மகளைப் பெத்துக்கும்.”

“கொடுத்து வச்சவ. ஓடிக்கிட்டே இருக்குமே, எப்படிப் பார்ப்பீங்க?”

“கொஞ்ச நேரம் குளிர்பெட்டியில வச்சா அடங்கிடும்.”

பாடம் நடத்திய களைப்பில் தூங்கிப்போனேன். விழித்தால், இரண்டு குப்பியும் மேசைமேல். பெயர்ச்சீட்டோடு.

“இதுல தாடிக்காரங்க இருக்காங்க. அதுல சலிச்சுப் பார்த்துட்டேன், ஒருத்தன்கூட இல்ல. சீட்டை ஒட்டிட்டேன்.”

“சீட்டு... எங்க இருந்துச்சு?”

“துவைக்க எடுத்த உங்க சட்டைப் பையில. ஒண்ணுல ‘ஆண் இல்லாத இனம்’னு நீங்களே எழுதியிருந்தீங்களே.”

நான் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தேன். அது காலி.

“உங்க ஆய்வுக்கூட மேடத்துக்கும் போன் பண்ணிட்டேன். பத்து நாள் வேலையை அரை நாள்ல முடிச்சிட்டீங்கன்னு ஒரே பாராட்டு. மிச்ச நாளுக்கு லீவு குடுத்துட்டாங்க.”

மறுநாள் காலை. இடுப்பில் கயிறு, கையில் முள், உச்சியில் நான்.

“ஏன் மப்ரூக்கா, இதுக்கு நான்தான் வேணுமா?”

கீழேயிருந்து அமைதியாகப் பதில் வந்தது. “ஆம்பளை வேண்டாங்கறது அந்தக் குளவிக்குத்தாங்க. இது பேரீச்சை, ஏறுங்க.”