கைக்குட்டை போட்ட மாப்பிள்ளை

ஆவடி

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் திருமுருகன் அவர்களுக்கு, தமிழ்வாணன் வணக்கம். இங்கு நானும் உங்கள் தங்கை நாகவல்லியும் மகள் கிருஷ்ணப்பிரியாவும் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

மச்சான், சந்தோஷமான செய்தி! ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க நீங்கள் அழைத்து வரும் பூந்தமல்லிக்காரர்களை உடனே நிறுத்துங்கள். நம் மாப்பிள்ளை மின்சார ரயிலிலேயே இருக்கிறார்! பெயர் கிருபாகரன். திருநின்றவூரில் ஏறி, ஜன்னலோரம் கைக்குட்டை போட்டு, ஆவடியில் ஏறும் நம் பிரியாவுக்குத் தினமும் இடம் பிடித்துத் தருகிறார். காதல் இல்லாமல் அந்தக் கூட்டத்தில் யார் இடம் தருவார்?

நாகவல்லி விடவில்லை. "சீட்டு புடிச்சுக் குடுத்தா கல்யாணமா? ரேஷன் கடை க்யூவுல எடம் புடிச்சவனுக்கும் பொண்ணு குடுப்பீங்களா?" என்றாள். நியாயம்தான். டாங்கித் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான்; மேலே பெயின்ட் பளபளக்கிறதே என்று பாஸ் போடமாட்டேன், அடியில் படுத்து ஒவ்வொரு போல்ட்டாகப் பார்ப்பேன். வாதத்துக்கும் அடியில், நாம் வாய்விட்டுச் சொல்லாமலே நம்பிக்கொண்டிருக்கும் விஷயங்கள் உண்டே! அவற்றையும் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். எல்லோருக்கும் இடம் பிடிப்பவரோ என்று பார்க்க, பிரியா லீவு போட்ட அன்று நாகவல்லியையே ரயிலேற்றினேன். "ஆளு வருது ஆன்ட்டி" என்று ஆவடி தாண்டியும் அந்த இடத்தைக் காத்தாராம்! கொரட்டூர் வரை நின்றுகொண்டே போனவள் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, எனக்கோ பரம திருப்தி. ஏற்கெனவே கல்யாணம் ஆனவரோ? திருநின்றவூர் போய் அவர் அம்மாவிடமே கேட்டுவிட்டேன், ஆகவில்லை, அந்த அம்மாவுக்கும் பிரியா என்றால் பூரண சம்மதம். பையன் மனதில் என்ன? நேற்று பிரியாவுக்கு விடுமுறை என்பதால் நானே ஏறி, அவளைக் கட்டிக்கொள்ள ஆசையா என்று கேட்டேன். "அத்த எப்டி கேக்கறதுன்னு தெரியாம முழிச்சுகினு கீறேன் அங்கிள்" என்றார், பெட்டியே கைதட்டியது, யாரோ சமோசா கொடுத்தார்கள், நான் சென்ட்ரல் வரை போய்விட்டேன். இப்போது சொல்லுங்கள், என் வாதத்தில் ஓட்டை எங்கே?

நீங்களே முன்னின்று நடத்தித் தர வேண்டும். வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி.

தங்கள்
தமிழ்வாணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் பிரியா வேலையிலிருந்து வந்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். "அவருக்கு இஷ்டம், அவங்க அம்மாவுக்கு இஷ்டம், உங்களுக்கு இஷ்டம். எனக்கு இஷ்டம்னு யாருப்பா சொன்னது?" என்றாள். யோசித்துப் பார்த்தேன், யாரும் சொல்லவில்லை. சரி, பூந்தமல்லிக்காரர்களையே வரச்சொல்கிறேன் என்றேன். அதற்கும் அதே கேள்வியைத்தான் கேட்கிறாள். மச்சான், நீங்களாவது அவளைக் கேட்டீர்களா?