ஜேசுபாதம் திருடரல்லர் என்பதற்கான சான்றிதழ்

ஜேசுபாதம் ஒரு திருடர் என்பது ஊருக்கு மறந்துவிட்டது. அவருக்கே மறந்துவிட்டது. சர்க்காருக்கு மட்டும் நல்ல ஞாபகம் இருந்தது.

சங்கதி இதுதான். 1956-ல் அவர் சங்கு குளிக்கப் போய்க்கொண்டிருந்தார். கடலில் கிடக்கிற சங்கெல்லாம் சர்க்கார் சொத்து. எடுத்ததைக் கரையில் சங்கு ஆபீசில் ஒப்படைக்க வேண்டும். அங்கே வட்டத் துளை போட்ட ஒரு பலகை உண்டு. துளையில் நுழையாமல் நிற்பது தேறிய சங்கு. நழுவி விழுந்தால் சின்னச் சங்கு. வளரட்டும் என்று அதைத் திரும்பக் கடலில் விட்டுவிட வேண்டும். அந்த வாரம்தான் அவர் பெண்சாதி ஹில்டாவுக்கு மகள் மெட்டில்டா பிறந்திருந்தாள். பிள்ளைக்குப் பால் புகட்ட ஆகுமே என்று ஒரு சின்னச் சங்கை மனுஷன் இடுப்பில் செருகி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். எவனோ ஒரு புண்ணியவான் போட்டுக்கொடுத்தான்.

“எடுத்தியா?” என்றார் மாஜிஸ்திரேட்.

“எடுத்தேன்யா.”

கோர்ட் கலையும்வரை நிற்க வேண்டும் என்று தண்டனை. மாஜிஸ்திரேட் வீட்டில் அன்றைக்கு விருந்தாளி. பதினோரு மணிக்கே கோர்ட் கலைந்துவிட்டது. சங்கு எங்கே என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

இருபது வருஷம் ஓடிவிட்டது. ஆழத்தில் இறங்கி இறங்கி ஜேசுபாதத்தின் இடது காது போய்விட்டது. இன்னொரு தடவை முங்கினால் வலது காதும் போய்விடும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். நல்லவேளை, புதுத் துறைமுகத்தில் ஒரு காண்ட்ராக்டரிடம் வாட்ச்மேன் வேலை தகைந்தது. வருகிற திங்கட்கிழமைக்குள் போலீஸ் சர்டிபிகேட் மட்டும் வேண்டுமாம். அது என்ன பிரமாதம் என்று ஸ்டேஷனுக்குப் போனார்.

ஸ்டேஷன் ஏட்டு வன்னியபெருமாள் தடித்த நோட்டைப் புரட்டினார்.

“கேடி லிஸ்ட்ல இருக்கீரே வே. எழுபத்திரெண்டாம் நம்பர். உமக்கு முன்னால உள்ளவனும் செத்துட்டான், பின்னால உள்ளவனும் செத்துட்டான். நீருதான் நல்லா இருக்கீரு.”

“அடப் பாவமே! பேரை அடிச்சு விடுங்க ஏட்டையா. இருபது வருஷமா ஒரு தப்பும் பண்ணலியே.”

“அடிக்கதுக்குத் தகுதி வேணும்லா? கேளும். ஒண்ணு, பத்து வருஷம் நன்னடத்தை. அது இருக்கு. ரெண்டு, கௌரவமான வேலையில இருக்கணும்.”

“அந்த வேலைக்குத்தானே சர்டிபிகேட்டு கேக்கேன்!”

“கிடைச்சுரும்னு எழுதிக்கிடுதேன். மூணு, திருடின சொத்து உடையவங்க கைக்குத் திரும்பப் போயிருக்கணும். சங்கு எங்க?”

சங்கு வீட்டில்தான் இருந்தது. மெட்டில்டா குடித்து, அவள் தம்பிமார் குடித்து, இப்போது மெட்டில்டாவின் பிள்ளை குடித்துக்கொண்டிருந்தான். ஹில்டாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“பச்சப்புள்ள வாயில இருந்து பிடுங்கித்தான் சர்க்காரு பிழைக்கணுமா? விளங்குமா அது?”

விளங்குமோ விளங்காதோ, திங்கட்கிழமை வருகிறதே. ஜேசுபாதம் சங்கைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு சங்கு ஆபீசுக்கு ஓடினார்.

அங்கே அதிகாரி இசக்கியப்பன். சபாரி சூட்டு, ஆபீசுக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடி. சங்கை வாங்கிப் பலகைத் துளையில் வைத்தார். அது நழுவி மேஜையில் விழுந்தது.

“சின்னச் சங்கு. ஏற்க இயலாது.”

“சார், இது திருடின சங்கு.”

“திருடினாலும் அளவாத் திருடியிருக்கணும்.”

“அப்போ ரசீது?”

“வாங்காத பொருளுக்கு ரசீது ஏது? விதிப்படி, சின்னச் சங்கை எடுத்த இடத்திலேயே திரும்ப விடணும். எடுத்த நபர்தான் விடணும். அப்பதான் வளரும்.”

“சார், உள்ள இருந்த சீவன் செத்து இருபது வருஷம் ஆச்சு!”

“அது சங்கோட சொந்த விஷயம்.”

எடுத்த இடம் எட்டுப் பாகம், ஏறக்குறைய ஐம்பது அடி ஆழம். முங்கினால் இருக்கிற காதும் போய்விடும் என்று ஜேசுபாதம் கெஞ்சிப் பார்த்தார். மேலேயிருந்து எறிந்தால் ஆகாதாம்; அடியில் கொண்டுபோய் வைக்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை காலை பவுலின் வள்ளத்தில் ஐந்து பேர் கிளம்பினார்கள். ஜேசுபாதம், அதிகாரி, ஏட்டு, சாட்சிக்கு வள்ளக்காரன் பவுலும் அவன் மச்சான் வில்பிரட்டும். கரை மறைவதற்குள் ஏட்டையா இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டார். ஆனாலும் கடமை தவறாத மனுஷர், ‘மேற்படி சங்கு மேற்படி நபரால் மேற்படி இடத்தில் விடப்பட்டது’ என்று மகஜரை முந்தின நாளே எழுதித் தயாராக வைத்திருந்தார்.

இடம் வந்தது. ஜேசுபாதம் சட்டையைக் கழற்றினார். கடலுக்கு அவர் என்றைக்கும் பயந்ததில்லை, அன்றைக்குப் பயந்தார். பேரன் இன்னும் பேசத் தொடங்கவில்லை. அவன் தாத்தா என்று கூப்பிடும்போது கேட்பதற்கு ஒரு காதாவது வேண்டாமா? மாதாவே என்று சிலுவை போட்டுக்கொண்டு, சங்குக்காகக் கையை நீட்டினார்.

இசக்கியப்பன் கொடுக்கவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“குதிக்க வேண்டாம்” என்றார் கடைசியில். “காது போயிரும்னு சொன்னீரே.”

“சார்?”

“என் மவளுக்குப் பிள்ளை பிறந்து பதினஞ்சு நாளாச்சு. இப்பல்லாம் புட்டிதான் பேஷன்னு மெட்ராஸ்ல இருந்து வரவழைச்சேன். பிள்ளைக்கு வயித்தால போகுது. சங்குலதான் குடுக்கணும்னு வீட்ல ஒரே சண்டை.”

சங்கு சபாரிப் பைக்குள் போயிற்று.

“கடல்ல விட்டாச்சு. அப்படித்தான ஏட்டு?”

“விட்டாச்சு சார்” என்றார் வன்னியபெருமாள், வாயைத் துடைத்துக்கொண்டு. பவுல் வானத்தைப் பார்த்தான். வில்பிரட் ஒரு படி மேலே போய், “குமிழி வந்தத நானே பாத்தேன்” என்றான்.

ஜேசுபாதத்துக்கு, நானும் அன்றைக்கு இதைத்தானேடா செய்தேன் என்று கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் காது பிழைத்தது, வேலை கிடைக்கப்போகிறது. மகஜரை வாங்கி, மற்ற நாலு பேரோடு தாமும் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை சர்டிபிகேட் வந்தது. ‘1956-ல் அரசுச் சங்கைத் திருடிய மேற்படி ஜேசுபாதம், இனித் திருடராகக் கருதப்படமாட்டார்’ என்று கொட்டை எழுத்து, முத்திரை. இவர் ஒரு காலத்தில் திருடினார் என்று காண்ட்ராக்டருக்கு அதைப் படித்துத்தான் தெரிந்தது. இருந்தாலும் முத்திரை பெரிசாக இருந்ததால் வேலை கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் ஹில்டா பேரனுக்குக் கரண்டியில் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். பாதி பால் பிள்ளையின் கழுத்தில் வழிந்தது.

“ஏங்க, வள்ளத்துல போன அஞ்சு பேருல திருடன் இல்லன்னு காகிதம் இருக்கது உங்க ஒருத்தர்ட்டதானே?”

“ஆமா.”

“மத்தவங்களுக்கு எப்பக் கிடைக்கும்?”

“அவங்களுக்கு இன்னும் தகுதி இல்ல. பத்து வருஷம் ஆகணும்.”

“நீங்களும்தான பொய்க் கையெழுத்துப் போட்டீக?”

ஜேசுபாதம் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார்.

“ஏளா, எனக்கும் பத்து வருஷம்தான்.”

சொல்லிவிட்டு வாட்ச்மேன் தொப்பியை மாட்டிக்கொண்டு, துறைமுகத்தில் யாரும் எதையும் எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளக் கிளம்பினார்.